தலையணையோ அமாகரில்

"எங்க ஊர்ல கையில ஒயின் கிளாஸ் இருக்கும்போது எவனும் பொய் சொல்ல மாட்டான்!"

"அது பொய் இல்ல, சூராப். கேலி!"

"கேலின்னா உண்மையா, பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் இல்ல. கேலின்னா கேலி, அவ்வளவுதான்."

"நல்லது. அதைப் போய் ஆபீஸ்ல சொல்லு. அவங்ககிட்ட ஆமான்னு ஒரு கட்டம், இல்லன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. கேலிக்குன்னு தனியா ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு வா!"

"கத்தாத. அப்பா தூங்கறாரு."

அப்பா தூங்கவில்லை. பக்கத்து அறையில் கைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஐனார், மகளும் மருமகனும் குரலை உயர்த்தியதுமே தொலைக்காட்சியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். எண்பத்து நாலு வயதில் காது மந்தம்தான். ஆனாலும் தனக்கு வேண்டியது அவருக்குக் கேட்டுவிடும்.

"தூங்கல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் சத்தமா சண்டை போடுங்க. பாதி புரியல."

விபெக்கெ கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். சமையல் மேசையில், வெட்டி வைத்த ரை ரொட்டிக்குப் பக்கத்தில், குடியேற்ற அலுவலகத்திலிருந்து காலையில் வந்த கடிதம் கிடந்தது. சுற்றிவளைக்காமல் எழுதியிருந்தார்கள். சூராபுக்கு இங்கே வசிக்கும் உரிமை கேட்டு நீங்கள் போட்ட விண்ணப்பத்தை மறுக்க எண்ணியிருக்கிறோம். நீங்கள் சுவீடனில் உண்மையாகவே குடியிருந்தீர்களா என்று எங்களுக்குச் சந்தேகம். உங்கள் தரப்பில் சொல்ல ஏதாவது இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியிருந்தார்கள். ஒரு பிறந்தநாள் பாட்டிலிருந்து.

கதை தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். விபெக்கெ அமாகர் தீவில் பிறந்து வளர்ந்த டென்மார்க்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சூராப் ஜார்ஜியாவின் குத்தாயிசி ஊர்க்காரன், கடைகளில் குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். இருவருக்குமே இது இரண்டாவது கல்யாணம். கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தபோது சொந்த நாட்டுச் சட்டம் அவளுக்கு ஆயிரம் நிபந்தனை போட்டது. வங்கியில் பிணை வை, இத்தனை சதுரமீட்டர் வீடு காட்டு, அவன் அந்தப் பரீட்சை எழுதட்டும், நீ இந்தத் தகுதியைக் காட்டு என்று ஒன்றை முடித்தால் இன்னொன்று. அதனால் இந்த மாதிரி ஜோடிகள் செய்வதை அவர்களும் செய்தார்கள். கடற்பாலத்தைத் தாண்டி சுவீடனிலுள்ள மால்மோவுக்குக் குடிபோனார்கள். அங்கே போனால் ஐரோப்பியச் சட்டம் பொருந்தும். உண்மையாகக் குடியிருந்து, வாழ்ந்து, பிறகு திரும்பி வந்தால் அதே சட்டத்தின் கீழ் புருஷனையும் உடன் கூட்டி வரலாம். 'உண்மையாக' என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் மால்மோவிலிருந்து ரயிலேறி அமாகர் வந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் ரயிலேறிப் போனாள். ஆகஸ்டில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் ஐனாரின் வீட்டுக்கு வந்தார்கள். ஐனார் தனியாக இருக்கக்கூடிய நிலையில் இல்லை. விண்ணப்பத்தையும் போட்டார்கள்.

மால்மோவில் இருக்கும்போதே, மே மாதம், விபெக்கெவுக்கு ஐம்பது வயது ஆனது.

ஐம்பது என்றால் இங்கே சும்மா விடமாட்டார்கள். தோட்டச் சங்கத்தின் கூடத்தைப் பிடித்து, மேசைக்கு மேசை குட்டிக் கொடி வைத்து, சாப்பாட்டுக்கு நடுவில் பாட்டுத் தாளைக் கையில் கொடுப்பார்கள். வீட்டில் யாராவது ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதிதாக வரி எழுதியிருப்பார். பிறந்தநாள்காரரை எவ்வளவுக்கு எவ்வளவு வாரிவிடுகிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு பாசம். வாராமல் விட்டால் அவருக்கு வருத்தமாகிவிடும். விபெக்கெயின் அண்ணன் ஃப்ளெமிங் இந்த வேலையில் கெட்டிக்காரன். அவள் சமைத்துக் கருக்கியது, சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பையனை மிதிவண்டியோடு குட்டையில் தள்ளியது, ஓட்டுநர் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றது எல்லாம் வந்தது. நாலாவது பத்தி இப்படி:

*மால்மோவிலே வீடெடுத்தாள் நம்ம விபெக்கெ,*
*கதவு மேலே பேரும் போட்டாள் நம்ம விபெக்கெ,*
*பல் துலக்கும் பிரஷ்ஷு ஒண்ணு பாலம் தாண்டிப் போச்சு,*
*தலையணையோ அமாகரில் தங்கியே போச்சு!*

கூடமே சிரித்தது. விபெக்கெயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சங்கத்துச் செயலாளர் அதைப் படம்பிடித்துச் சங்கத்தின் பக்கத்தில் போட்டார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்தப் படத்தில் எல்லோரையும்விட உரக்கப் பாடுவது சூராப். கிளாஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்த்து, ஒரு எழுத்துக்கூட விடாமல் பாடுகிறான். மால்மோவில் சுவீடிஷ் படித்தவன். டேனிஷ் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பான், அவ்வளவுதான். பொருள் தெரியாது. 'அமாகரில் தங்கியே போச்சு' என்கிற இடத்தில் கிளாஸை உயர்த்தி எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறான்.

"என் வாயாலயே பாடியிருக்கேன்," என்றான் சூராப் இப்போது, கொஞ்சம் அடங்கிய குரலில். "என் பொண்டாட்டி என்கூட இருக்கலன்னு எல்லார் முன்னாலயும் நானே பாடியிருக்கேன். உங்க அண்ணன் என்னை முன்னாடி இழுத்து நிக்க வெச்சான்."

"உனக்கு நல்ல குரல்னு நிக்க வெச்சான்."

"நல்ல குரலாம்!" அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டான். "ஒண்ணு சொல்லு, விபெ. அந்தத் தலையணை உண்மையாவே இங்கதான் இருந்துச்சா?"

அவள் ரொட்டியை எடுத்து மூடி வைத்தாள். தலையணை இங்கேதான் இருந்தது. மால்மோவில் வாங்கிய தலையணையில் அவளுக்குக் கழுத்து வலிக்கும். பழையதைக் கொண்டுபோக வேண்டும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கொண்டுபோகவில்லை. வந்து போகும்போது இங்கே ஒரு தலையணை இருக்கட்டுமே என்றிருந்துவிட்டாள். பிப்ரவரியில் ஐனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, மூன்று வாரம் அந்தத் தலையணையில்தான் படுத்தாள். தினமும் மருத்துவமனை, இரவில் இங்கே. அதை விண்ணப்பத்தில் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஃப்ளெமிங்குக்கு அன்றைக்கே போன் போட்டாள்.

"பாட்டா?" என்றான் அவன். "பாட்டைப் போய் எவனாவது நம்புவானா? அதே பாட்டுல நீ ஆம்லெட் சுட்டு தீயணைப்பு வண்டி வந்துச்சுன்னுகூடத்தான் எழுதினேன். தீயணைப்பு நிலையத்துல கேட்டாங்களாமா?"

"அதைக் கேட்கல. தலையணையைக் கேக்கறாங்க."

"சரி, நானே ஒரு கடிதம் எழுதித் தர்றேன். எதுகை மோனையோட வேணும்னாலும் எழுதறேன்."

"ஃப்ளெமிங்!"

"விபெ, நான் அப்படி நினைச்சு எழுதலடி," என்றான். அவன் குரல் அப்படி இறங்கியதை அம்மா செத்த அன்றைக்குப் பிறகு அவள் கேட்டதில்லை.

அந்தப் பகுதி நூலகத்தின் மாடியில், வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் இலவசச் சட்ட உதவி உண்டு. மெல்ல மெல்ல நகரும் ஒரு வரிசை, ஒரு காபி ஃபிளாஸ்க், பிள்ளைகள் கிறுக்குவதற்குக் கொஞ்சம் கலர் பென்சில். மெரெத்தெ என்கிற வழக்கறிஞர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கைப்பேசியில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார். நாலாவது பத்தி வந்தபோது அவர் உதடு துடித்ததை விபெக்கெ பார்த்துவிட்டாள்.

"சிரிச்சுக்குங்க, பரவால்ல," என்றாள்.

"மன்னிச்சுக்கோ. நல்லா எழுதியிருக்காரு. அதான் பிரச்சனையே." மெரெத்தெ சூராபைப் பார்த்தார். "உனக்குப் புரியற மாதிரி மெதுவா பேசறேன். புரியலன்னா நிறுத்து."

"புரியலன்னாலும் இனிமே நான் எதையும் சேந்து பாட மாட்டேன்," என்றான் சூராப்.

"இப்போதைக்கு இது முடிவு இல்ல. மறுக்கப் போறோம், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கறாங்க. அதுக்கு பதில் சொல்றதுதான் முதல் வழி, இப்ப அதுதான் முக்கியம். ஒரு பாட்டை வெச்சு மட்டும் மறுத்தா மேல்முறையீட்டுல நிக்காதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா நினைக்கிறேன்னுதான் சொல்ல முடியும். மறுத்துட்டா மேல்முறையீடு, அது ரெண்டாவது. அதுக்கு மாசக்கணக்குல ஆகும், அந்த நேரத்துல சூராப் இங்க இருக்கலாமாங்கறதைத் தனியா கேட்கணும்."

"மூணாவது?"

"திரும்பவும் மால்மோவுக்குப் போய் முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது."

"அப்பாவை யார் பாத்துப்பாங்க?"

"அவரையும் கூட்டிட்டுப் போக முடியாதா?"

விபெக்கெ சிரித்தாள், சிரிப்பு வராமலே. வீட்டில் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தாகிவிட்டது. 'நான் சுவீடன்லயா போய்ச் சாகணும்? அவங்க பீர்ல தண்ணி ஊத்தறவங்க,' என்று ஐனார் சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஒரு காரணத்தையும் சொல்ல மறுத்தார். உண்மையான காரணம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. எதிர்த்த கல்லறைத் தோட்டத்தில் அம்மா இருந்தாள்.

"நாலாவது, நம்ம நாட்டுச் சட்டப்படியே மறுபடி கேக்கறது. பிணை, பரீட்சை எல்லாம்," என்றார் மெரெத்தெ. "அதுவும் அவன் வெளில இருந்து கேக்கற மாதிரி ஆகலாம். அதனால முதல் வழியை ஒழுங்கா செய்வோம். வாடகைச் சீட்டு, மின்சார பில் எல்லாம் இருக்கு. ஆனா அதெல்லாம் வீடு இருந்துச்சுன்னுதான் காட்டும். அந்த வீட்ல நீ இருந்தேன்னு யார் சொல்லுவா? அண்ணன் வேண்டாம், புருஷன் வேண்டாம். உன்னை தினமும் பாத்த ஆள் யாராவது?"

விபெக்கெ யோசித்தாள். காலையில் ரயிலுக்கு ஓடுவாள், சாயங்காலம் வந்து விழுவாள். மால்மோவில் அவளுக்கு நண்பர்கள் என்று யாரும் இல்லை. அவளை உன்னிப்பாகக் கவனித்த ஒரே ஆள்...

"ஐயோ," என்றாள்.

சூராபுக்கும் அந்தப் பெயர் அதே நேரத்தில் வந்துவிட்டது. "குன்வோர்," என்றான். முதன்முறையாக அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "அந்தப் பஞ்சுக்காரி!"

மால்மோவில் அவர்கள் இருந்த கட்டடத்தில் கீழ்த்தளத்தில் பொதுச் சலவை அறை. முன்கூட்டியே நேரம் பிடித்துக்கொண்டு துணி துவைக்க வேண்டும். முடித்ததும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துவிட வேண்டும். விபெக்கெவுக்கு அந்தப் பஞ்சு எப்போதும் மறந்துபோகும். முதல் மாடி குன்வோர் வலையிலிருந்து பஞ்சை உருட்டி எடுத்து, விபெக்கெயின் கதவுக் கைப்பிடியில் ஒரு பையில் கட்டித் தொங்கவிடுவாள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: *இது உங்களுடையது.* விபெக்கெ அதன் பின்பக்கத்தில் டேனிஷில் பதில் எழுதி அவள் கதவில் ஒட்டுவாள். ஒருதரம், 'நன்றி, தலையணை தைக்கச் சேர்த்துவைக்கிறேன்' என்று எழுதினாள். இன்னொருதரம் எழுதியது இங்கே சொல்லத் தக்கதல்ல. படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"அவகிட்ட போய் நான் கேக்கறதா?"

"வேற யாரு இருக்கா?" என்றார் மெரெத்தெ. "சூராப், நீ போக வேண்டாம். இது முடியற வரைக்கும் பாலத்தைத் தாண்டாதே. அங்க இருந்த உன் உரிமை அந்த வீட்டோட சேர்ந்தது. வீட்டைக் காலி பண்ணிட்டீங்க. சுவீடன்ல குடுத்த கார்டு கையில இருக்குன்னு தைரியமா போனா, வழியில என்ன கேப்பாங்கன்னு எனக்கு உறுதியா சொல்லத் தெரியல."

அடுத்த சனிக்கிழமை விபெக்கெ மட்டும் கிளம்பினாள். சூராப் அவளோடு நடந்து கடற்கரைவரை வந்தான். அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் மால்மோவின் முறுக்கிய கோபுரம் தெரியும். அதன் நிழலில்தான் அவர்கள் வீடு இருந்தது. பாலமும் தெரியும். அந்தக் கரையிலிருந்து நீளமாக வந்து, நடுக்கடலில் ஒரு தீவில் இறங்கித் தண்ணீருக்கடியில் சுரங்கமாகப் போய்விடும். இந்தக் கரையில் நிற்பவனுக்குப் பாலம் பாதியில் நின்றுவிட்ட மாதிரிதான் இருக்கும்.

"அங்க என் வேலையை விட்டேன். இங்க வேலைக்குப் போலாமா கூடாதான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க," என்றான் சூராப். "குத்தாயிசிக்குப் போனா திரும்பி வர முடியுமான்னு தெரியல. இந்தக் கடற்கரை, உங்கப்பா வீடு, நூலகம். அவ்வளவுதான் இப்ப என் நாடு."

"கொஞ்ச நாள்தான்."

"அதையும் பாட்டா எழுதச் சொல்லு உங்க அண்ணனை."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் நிலையத்தில் காவலர்கள் ரயிலேறிப் பாஸ்போர்ட் பார்த்தார்கள். அவளுடையதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள். அந்தச் சலுகைக்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குன்வோர் கதவைச் சங்கிலியோடு திறந்தாள். எழுபது வயது, நேராக வெட்டிய நரைமுடி, கையில் ரப்பர் உறை.

"காலி பண்ணிட்டுப் போயாச்சுன்னாங்க," என்றாள்.

"போயாச்சு. ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான்."

சங்கிலி எடுபட்டது. குன்வோர் காபி கொடுத்தாள், ஏலக்காய் ரொட்டி கொடுத்தாள், வாய் திறக்காமல் முழுக் கதையையும் கேட்டாள். பாட்டு விஷயம் வந்தபோது, "நீங்க டேனிஷ்காரங்க எல்லாத்தையும் சிரிச்சே கெடுத்துக்கறீங்க," என்று மட்டும் சொன்னாள்.

"நான் இங்க இருந்தேன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

"நீ இருந்தியா இல்லையான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் உன் பஞ்சை நான்தானே எடுத்தேன்." குன்வோர் எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். "எழுதறேன். ஆனா ஒண்ணு. நான் எழுதினா எல்லாத்தையும் எழுதுவேன். பிப்ரவரியையும்."

விபெக்கெயின் கையில் கோப்பை நின்றுவிட்டது.

"பிப்ரவரில என்ன?"

"பிப்ரவரில மூணு வாரம் வலையில பஞ்சே இல்ல. உன் புருஷன்தான் துணி துவைக்க வந்தான். அவன் சுத்தமா எடுத்துடுவான், நல்ல பிள்ளை. நீ இல்ல. இல்லாததை இருந்தேன்னு நான் எழுத மாட்டேன்."

"எங்கப்பா விழுந்துட்டாரு. இடுப்பு உடைஞ்சுபோச்சு."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள் குன்வோர். "நான் நிம்மதியா மூணு வாரம் சலவை அறைல இருந்தேன். ஒரு ஆள் கஷ்டத்துல இருக்கான்னு தெரியாம சந்தோஷப்பட்டுட்டேன்."

பிறகு மேசையில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. முடித்து மடித்து உறையில் போட்டாள். உறையை ஒட்டவில்லை. "நீ படிச்சுக்கோ. பிடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுடு. எனக்குத் தெரிய வேண்டாம்."

திரும்பும் ரயிலில் விபெக்கெ படித்தாள். அவள் எந்த நாள் என்ன நேரத்தில் வருவாள், எப்படிப் படியேறுவாள், சனிக்கிழமைகளில் இருவரும் சமையலறையில் என்ன பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள், எந்தத் துண்டில் சிவப்புக் கரை இருக்கும் எல்லாம் இருந்தது. ஒரு சிநேகிதிகூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டாள். பிப்ரவரியும் இருந்தது. அந்த ஒரு பத்தியை வெட்டிவிட்டுக் கொடுக்க வழியில்லை. ஒரே தாள், ஒரே கையெழுத்து. கொடுத்தால் பிப்ரவரியோடுதான் கொடுக்க வேண்டும். கிழித்தால் அவள் மால்மோவில் இருந்தாள் என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. ரயில் தண்ணீருக்கடியில் நுழைந்தது. ஜன்னலில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

வீட்டில் சூராப் சீஸ் ரொட்டி சுட்டிருந்தான். ஐனார் அதில் பாதியை ஈரல் பசை தடவி முடித்திருந்தார்.

"இதுல போய் ஈரலா, ஐனார் ஐயா!" என்று சூராப் தலையில் அடித்துக்கொண்டான்.

"இந்த நாட்டுல என்னை ஐயான்னு கூப்பிடற ஒரே ஆள் நீதான். அதனாலதான் உன்னை விட மனசில்ல. இல்லன்னா இந்த ரொட்டிக்கு என்னிக்கோ நாடு கடத்தியிருப்பேன்."

விபெக்கெ உறையை மேசையில் வைத்தாள். வாசித்துச் சொன்னாள். பிப்ரவரி வந்ததும் ஐனார் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்ப நான் விழலன்னு சொல்லிடறேன்," என்றார். "யாரு கேட்டாலும் விழல. இடுப்பு தானா உடைஞ்சுது."

"ஆஸ்பத்திரில இருந்தீங்கப்பா. எல்லாம் பதிவாயிருக்கு."

"அப்ப வேற யாரோ பாத்துக்கிட்டாங்கன்னு சொல்றேன். உன் அண்ணன் பாத்துக்கிட்டான்னு சொல்றேன்."

"அண்ணன் எங்க பாத்துக்கிட்டான்?"

"அதான் எனக்கும் தெரியுமே." ஐனார் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ராத்திரி உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது. அப்பறம் மூணு வாரம் போ போன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நீ இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சு."

சூராப் எழுந்து அவருக்கு இன்னொரு துண்டு ரொட்டி வைத்தான். ஈரல் பசை டப்பாவையும் அவனே பக்கத்தில் நகர்த்தி வைத்தான். பிறகு விபெக்கெயிடம் திரும்பினான்.

"அப்படியே குடு. அந்தக் கிழவி எழுதின மாதிரியே."

"பிப்ரவரியை வெச்சே மறுத்துட்டா?"

"மறுக்கட்டும். அப்பன் விழுந்தா மக போவா. அதைப் போய் பொய்னு சொல்ல எனக்கு வாய் வராது. பாட்டு பொய்யா இருந்துட்டுப் போகட்டும், பதிலாவது உண்மையா இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்தான். "ஆனா அந்தத் தலையணையை அப்பவே அங்க எடுத்துட்டு வந்திருக்கலாம், விபெ."

மெரெத்தெவும் அதையே சொன்னார், தலையணையை விட்டுவிட்டு. மறைத்தால் நாளைக்கு அவர்களே மருத்துவமனைப் பதிவைப் பார்ப்பார்கள், நாமே முதலில் சொல்வோம். தகப்பன் படுத்திருந்தபோது மகள் வந்து தங்கினால் குடி மாறிவிட்டது என்று ஆகாது, அப்படித்தான் வாதாடப் போகிறேன். ஏற்றுக்கொள்வார்களா என்று அவள் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது," என்றார். "தெரியும்னு சொல்ற யாரையும் நம்பாதே." ஆஸ்பத்திரிக் காகிதம், குன்வோரின் சாட்சி, இப்படிப்பட்ட பிறந்தநாள் பாட்டில் மிகைப்படுத்துவதே வழக்கம் என்று ஒரு விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. முடிவு மின்னஞ்சலில் வரும் என்பதால் விபெக்கெ பள்ளிச் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு போடும்போதுகூடக் கைப்பேசியைப் பார்த்தாள். சூராப் தினமும் கடற்கரைக்குப் போய்ப் பாதிப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தான். வீட்டில் இருக்கிற குளிர்பெட்டியை, கெடாமலே, இரண்டு தடவை பிரித்துச் சரிசெய்தான்.

நவம்பரில் ஐனாருக்கு எண்பத்தைந்து. இந்தத் தடவை கூடம் எதுவும் எடுக்கவில்லை. வீட்டிலேயே கேக், கொடி, ஆறேழு பேர். ஆனால் பாட்டு இல்லாமல் எப்படி? ஃப்ளெமிங் தாள்களோடு வந்தான். கொடுக்கும்போதே, "இதை மெரெத்தெகிட்ட அனுப்பிக் காட்டிட்டேன்," என்றான். "எல்லா வரியும் சரின்னு சொல்லிட்டாங்க."

சூராப் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இதுக்கு என்ன அர்த்தம், இதுக்கு என்ன அர்த்தம் என்று விபெக்கெயிடம் கேட்டான். அவள் சொன்னாள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள்:

*ஐனாருக்கு எண்பத்தைந்து வயது ஆகிறது,*
*அமாகரில் அவர் பெயரில் வீடு உள்ளது,*
*மகள் விபெக்கெ ஆகஸ்டு முதல் உடன் வசிக்கிறாள்,*
*முறைப்படியே பதிவு செய்து உடன் வசிக்கிறாள்.*

ஒருவரும் சிரிக்கவில்லை. ஃப்ளெமிங் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இது என்னடா பாட்டு?" என்றார் ஐனார். "நகராட்சி அறிவிப்பு மாதிரி இருக்கு. நான் என்ன பாவம் பண்ணேன், எனக்கு ஒரு கேலிகூட இல்லையா?"

"அடுத்த வருஷம்ப்பா," என்றான் ஃப்ளெமிங்.

"அடுத்த வருஷம் எண்பத்தாறு. அதுக்கு எவனும் பாட்டு எழுத மாட்டான்."

அடுத்தது சூராபின் முறை. அவன் ஊரில் மேசையில் எழுந்து நின்று கிளாஸை உயர்த்தி வாழ்த்துச் சொல்வதுதான் பெரிய மரியாதை. குடும்பத்தில் நடந்த எல்லா விருந்திலும் அவன் பேசியிருக்கிறான், பேசினால் நிறுத்த மாட்டான். செத்தவர்களுக்கு, பிறக்கப்போகிறவர்களுக்கு, மேசையில் இல்லாதவர்களுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். அவன் எழுந்தான். கிளாஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மேசைமேல் கிடந்த கைப்பேசிகளைப் பார்த்தான்.

"அதையெல்லாம் அணைச்சு வைங்க," என்றான்.

அணைத்தார்கள். ஃப்ளெமிங் தன்னுடையதைப் பக்கத்து அறையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

சூராப் வாயைத் திறந்தான். ஐனாரைப் பார்த்தான், விபெக்கெயைப் பார்த்தான், கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல், குடிக்காமல், கிளாஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"பரவால்ல, தம்பி," என்றார் ஐனார். "எனக்குக் கேட்டுச்சு."

இன்றைக்கும் பதில் வரவில்லை. எந்த வழி திறக்கும், எது மூடும் என்று அவர்களுக்குத் தெரியாது. மால்மோவுக்குத் திரும்புவதா, அப்பாவோடு இருப்பதா, மறுத்தால் மேல்முறையீடு நடக்கும் வரை சூராப் எங்கே இருப்பது என்று அந்தச் சின்ன வீட்டுச் சமையலறையில் தினமும் பேசுகிறார்கள். ஆனால் குரலை உயர்த்துவதில்லை. ஐனார் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்து ஏமாந்துபோகிறார்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால், இடையில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முடியாமல் போய் இந்தப் பக்கம் வந்து தங்க நேர்ந்திருந்தால், அதை அலுவலகத்தில் எப்படிச் சொன்னீர்கள்? ஏற்றுக்கொண்டார்களா? கேலியாகச் சொன்ன ஒன்றைக் காட்டி உங்களையும் கேட்டார்களா? கீழே எழுதுங்கள். 'எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்றாலும் எழுதுங்கள். சமையலறை வேலை முடிந்ததும் விபெக்கெ ஒவ்வொரு நாளும் இந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள்.